ஒரு சைக்கிள் ரியூப், ஒரு சன்னல் கம்பி: மாற்றுத்திறனாளிகள் யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சி தொடங்குவது எப்படி

வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு விடுகிற நாளில் கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டும் கையில் தருவார்கள், அடுத்த திகதியைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வரப்போகிற இருபது, முப்பது வருடத்துக்கு இந்த உடம்பை எப்படி அசைத்துக்கொண்டிருப்பது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் இல்லை. நான் தென்னையில் இருந்து விழுந்து, முள்ளந்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்து பதினொரு வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதல் மூன்று வருடமும் கட்டில், கதிரை, ரீவி என்றே போனது. உடம்பு பெருத்தது, தோள் வலி பிடித்தது, கட்டிலில் இருந்து கதிரைக்கு மாறுவதற்கே அம்மாவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அந்த மூன்று வருடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சக்கர நாற்காலி பற்றித்தான் அதிகம் இருக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த உடம்பு. கால் இழந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள் பற்றி, கூடப் பழகும் ஆட்களிடம் கண்டதையும் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக மூச்சு வாங்குகிற அளவு அசைய வேண்டும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி வேண்டும், பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிடம். 150 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கென்று 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல், கிழமைக்கு இரண்டு தடவை 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி, கூடவே இரண்டு தடவை பலப் பயிற்சி என்றுதான் ஆரம்பிக்கிறது. நான் ஐந்து நிமிடத்தில் தொடங்கினேன். ஒரு பாட்டு முடியும் வரைக்கும் கையை வீசிக் காற்றில் குத்துவது, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நாலு, ஐந்து பாட்டுக்கு வந்துவிட்டேன், அது கிட்டத்தட்ட 20 நிமிடம்.

மிதமானதா கடுமையானதா என்று அறிய மணிக்கூடோ கருவியோ தேவையில்லை. செய்யும்போது பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. நாடித்துடிப்பைப் பார்த்து அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முள்ளந்தண்டில் நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாலும் துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது. சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான்.

தொடங்க முன்னம் ஒருதரம் கிளினிக்கில் கேளுங்கள். “நான் உடற்பயிற்சி செய்யலாமா?” என்று கேட்டால் “ஓம், செய்யுங்கோ” என்று பதில் வரும், கதை முடிந்துவிடும். அப்படிக் கேட்காமல், “நான் செய்யக் கூடாதது என்ன, எந்த மூட்டைக் கவனிக்க வேண்டும், வீட்டில் செய்ய ஐந்து பயிற்சி எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவு இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் கிட்ட என்றால் அங்கே விசாரியுங்கள், மாதாமாதம் பட்டணம் வரை ஓட்டோ பிடிக்கிற காசு மிஞ்சும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. எழுதித் தருவதைக் கொப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள், துண்டு தொலைந்துவிடும்.

ரியூப் வேலை

இரப்பர் பட்டி கடையில் கிடைக்கும், ஆனால் பழைய சைக்கிள் ரியூப் போதும். சைக்கிள் திருத்துகிற கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வால்வு இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் மாவை சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் பாவிக்க முன்னம் இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு ஒன்று தெரிந்தால் அந்த இடத்தோடு வெட்டிவிடுங்கள், இழுக்கும்போது அறுந்தால் நேரே முகத்தில்தான் அடிக்கும். சன்னல் கம்பியில், இருந்தபடி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வருகிற இடத்தில், நடுவைச் சுற்றிக் கட்டி இரண்டு முனையும் உங்களுக்கு வரும்படி விடுங்கள். நாற்காலியின் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து செய்கிறவர்கள் கதிரையின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

முதல் பயிற்சி, படகு வலிப்பது போல. இரண்டு முனையையும் பிடித்து, முழங்கைகள் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகிற மாதிரி இழுங்கள், முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்பும் ஒன்றையொன்று தொடப் பார்க்கிற மாதிரி. இரண்டு எண்ணும் வரை பிடித்து, மெதுவாக விடுங்கள். மெதுவாக விடுவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பத்துத் தடவை, ஓய்வு, இன்னொரு பத்து, இன்னொரு பத்து. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாங்கள் நாள் முழுக்கச் சக்கரத்தை முன்னால் தள்ளித் தள்ளியே நெஞ்சுத் தசை இறுகி, முதுகுத் தசை தொய்ந்து, தோள் முன்னால் சரிந்துவிடுகிறது, அதில்தான் வலி பிறக்கிறது. கால் வேலை செய்யாதவருக்குத் தோள்தான் கால். அது போனால் எல்லாவற்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ஆகவே தள்ளுகிற பயிற்சி ஒன்று என்றால் இழுக்கிற பயிற்சி இரண்டு.

அடுத்தது சின்னதாகத் தெரியும், ஆனால் விடாதீர்கள். ஒரு துவாயைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, முழங்கையை மடித்தபடி, ரியூப் முனையைப் பிடித்துக் கையை வயிற்றில் இருந்து வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கதவு திறப்பது போல. துவாய் விழக் கூடாது. தோள் மூட்டை இடத்தில் பிடித்து வைக்கிற சின்னத் தசைகளுக்கு இது. இழுக்க இலகுவான மெல்லிய ரியூப் போதும். மூன்றாவதாக, ரியூப்பைச் சன்னலின் மேல் கம்பிக்கு மாற்றி மேலிருந்து கீழே இழுப்பது, கட்டிலுக்கு மாறும்போது உடம்பைத் தூக்க இந்தப் பலம் வேண்டும். பாரம் தூக்க விரும்பினால் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ, ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றரைக் கிலோ, கூட வேண்டும் என்றால் மணல் நிரப்புங்கள். விரல் பிடிக்காதவர்கள் போத்தலைக் கையோடு ஒரு துணிப் பட்டியால் கட்டலாம், இறுக்கிக் கட்டாமல், அடிக்கடி தோலைப் பார்த்துக்கொண்டு. மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், தூக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும்.

வலி பற்றி ஒரு அளவு: தசையில் அடுத்த நாள் ஒரு நோ இருக்கும், அது பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினால், அல்லது இரண்டு நாளுக்கு மேலும் நின்றால், அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தோலும் வெயிலும்

இதை நிதானமாக வாசியுங்கள். நாலு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், கிணற்றடியில் குளிக்க என்று நாற்காலியில் இருந்து சீமெந்துக் கட்டுக்கு மாறி இருந்தேன், பத்து நிமிடம்கூட இருக்காது. மத்தியான வெயில் முழுக்க அந்தச் சீமெந்தில் இறங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவு அம்மாதான் “இதென்ன மோனை, தொடையெல்லாம் பொக்களம்?” என்று கேட்டா. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம், அவ்வளவு நாளும் குப்புறப் படுக்கை, செய்து சேர்த்த பலமெல்லாம் கரைந்துபோனது. உணர்வில்லாத உடம்புக்கு வெயிலில் கிடந்த சீமெந்து, கடற்கரை மணல், மோட்டார் சைக்கிள் சைலன்சர், மடியில் வைக்கிற சூடான சோற்றுக் கோப்பை எல்லாம் ஒன்றுதான். எங்கே மாறி இருக்கப் போனாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒரு மடித்த துவாயைப் போடுங்கள்.

ஒவ்வொரு இரவும் கைப்பிடி வைத்த கண்ணாடியால் பிட்டம், வால் எலும்பு, குதிக்கால் மூன்றையும் பாருங்கள். சிவந்த அல்லது கறுத்த தடம் ஒன்று, பாரத்தை எடுத்த பிறகும் மறையாமல் நின்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அது மறையும்வரை அதன் மேல் இருக்கக் கூடாது, பயிற்சியும் படுத்தபடிதான். பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருதரம், நெஞ்சு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிந்தோ, ஒவ்வொரு பக்கமாகச் சரிந்தோ இரண்டு நிமிடம் இருங்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லித்தான் எனக்கும் முதலில் பழக்கினார்கள், ஆனால் இரண்டு நிமிடம் அப்படித் தூக்கிப் பிடிக்க யாராலும் முடியாது, தோளும் தேயும். குனிவதுதான் நல்லது.

அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. பங்குனியில் இருந்து வைகாசி வரைக்கும் எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்குப் பயிற்சி செய்யப் போகாதீர்கள். காலை ஆறில் இருந்து ஏழரை, அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. கழுத்தில் ஈரத் துவாய், பூவுக்கு அடிக்கிற தண்ணீர்ப் போத்தல், மோரோ தேசிக்காய்த் தண்ணியோ கிட்ட வையுங்கள். சிறுநீர் போகுமென்று பயந்து தண்ணீர் குடிக்காமல் விடுகிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். அது சிறுநீர்த் தொற்றில்தான் கொண்டுபோய் விடும். தொடங்க முன்னம் சிறுநீர்ப்பையை வெறுமையாக்கினால் போதும்.

நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை இடிக்கிற தலையிடி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேலே மட்டும் கொட்டுகிற வியர்வை, மயிர்க்கூச்செறிவு. இது இரத்த அழுத்தம் சடுதியாக ஏறுகிற அறிகுறி. படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பையும் பட்டியையும் தளர்த்தி, சிறுநீர் போக வைத்திருக்கிற கதீற்றர் குழாய் மடிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடனே குறையாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. நெஞ்சுவலி, தலைச்சுற்று, திடீர்ப் பலவீனம் யாருக்கு வந்தாலும் அதே இலக்கம்தான்.

வெளியே போவது

யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத ஊர், அது எங்களுக்குக் கிடைத்த வரம். கரைச்சல் ஒழுங்கைகளில்தான். மணலில் முன் சின்னச் சக்கரம் புதையும், அப்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள், பெரிய சக்கரம் முன்னுக்கு வந்தால் ஏறிவிடும். வலிகாமத்துச் செம்மண் மழைக்குச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், மாரியில் வீட்டு விறாந்தையே போதும். தள்ளும்போது குட்டிக் குட்டியாகப் பல தடவை தட்டாமல், ஒரு நீண்ட தள்ளு, பிறகு கையை வளையத்துக்குக் கீழே தொங்கவிட்டுப் பின்னால் கொண்டுவந்து அடுத்த தள்ளு. தோளுக்கு அது பெரிய ஆறுதல்.

எனக்குப் பிடித்த இடம் பண்ணை. கோட்டையில் இருந்து மண்டைதீவுப் பக்கம் போகிற பாதை, இரண்டு பக்கமும் களப்பு, விடியப்புறம் வாகனம் குறைவு. சோளகக் காலத்தில் காற்று எதிரே வரும், போகும்போது அதோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும், ஆகவே போகும் தூரத்தை யோசித்து வையுங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று ஒட்டுங்கள், தனியே போகாதீர்கள். துரையப்பா விளையாட்டரங்கு பக்கம் இருப்பவர்கள் அங்கே எந்த நேரம் விடுவார்கள் என்று முன்கூட்டிக் கேளுங்கள்.

தண்ணீரில் உடம்பு இலேசாகும், தரையில் அசையாத கால்கூட மிதக்கும். காரைநகர் கசூரினாவில் கடல் நீண்ட தூரத்துக்கு ஆழமில்லை. கீரிமலைக் கேணிக்குப் படி இறங்க வேண்டும், தூக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் வேண்டாம். காலுக்குச் சப்பாத்தோ தடித்த காலுறையோ போடாமல் இறங்காதீர்கள், கல்லில் உரசுவது தெரியாது. திறந்த புண் இருந்தால் இறங்கக் கூடாது. வலிப்பு வருகிறவர்கள் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் எந்தத் தண்ணீரிலும் இறங்க வேண்டாம்.

கால் இழந்தவர்களுக்கு

எங்கள் ஒழுங்கையில் முழங்காலுக்குக் கீழே கால் இழந்த அண்ணை ஒருவர் ஜெய்ப்பூர்க் காலோடு தோட்டம் செய்கிறார். வெறுங்காலோடு வரப்பில் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்றதாக, 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான கால் அது. இங்கே யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்தில் செயற்கைக் கால் செய்து தருகிறார்கள். கால் கழன்று விழுகிற மாதிரி இருந்தாலோ அழுத்தினாலோ துணி அடைந்து சமாளிக்காமல் அங்கே காட்டுங்கள், உடம்பு மெலிய, பெருக்க, எஞ்சிய கால் உள்ளே போகிற கிண்ணமும் மாற வேண்டும்.

அண்ணை சொல்கிற ஒழுங்கு இது. எஞ்சிய காலை இரவில் கழுவ வேண்டும், காலையில் கழுவினால் ஈரத்தில் தோல் ஊறிக் கிண்ணத்துக்குள் உரசும். வியர்த்தால் காலுறையை மாற்ற வேண்டும், பையில் எப்போதும் இன்னொரு சோடி. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கக் கூடாது, மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். நாளுக்கு இரண்டு தடவை 15 நிமிடம் குப்புறப் படுப்பது இடுப்பு மூட்டு மடங்கிப்போகாமல் காக்கும். பிறகு மல்லாந்து படுத்து, எஞ்சிய காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழே அமத்தி ஐந்து எண்ணுவது, பத்துத் தடவை. நீரிழிவால் கால் எடுத்தவர்கள் மற்றக் காலைத் தினமும் விரலிடுக்கு வரைக்கும் பாருங்கள்.

பாரிசவாதம் வந்தவர்களுக்குச் சிறந்த பயிற்சி கதிரையில் இருந்து எழும்பி இருப்பதுதான், ஐந்து தடவை, முன்னால் பிடிக்க மேசையோ சன்னலோ வேண்டும். உதவிக்கு நிற்பவர் பலம் குறைந்த பக்கம் நிற்க வேண்டும், அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு கழன்றுவிடும். பார்வை இல்லாதவர்களுக்கு முற்றத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, மரத்துக்கு நாலடி முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கை முடிச்சில் பட்டதும் திரும்பலாம், யாரையும் எதிர்பார்க்காமல் நடக்கலாம், ஓடலாம். துணையோடு ஓடும்போது இருவரும் ஓரடிக் கயிறு ஒன்றைப் பிடித்தால் போதும், கையைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை. காது கேளாதவர்களுக்குப் பழக்குகிறவர் முகம் காட்டி நிற்க வேண்டும், தொடங்கு, நிறுத்து என்ற சைகைகளை முதலே பேசிவைக்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் குத்துக்கரணம் அடிக்க, பந்தைத் தலையால் முட்ட முன்னம் கழுத்தெலும்பை வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றபடி அவர்களுக்குச் சொல்லாமல் செய்து காட்டுங்கள், தினமும் அதே நேரம், அதே ஒழுங்கு.

ஜிம், அலுவலகம், வீடு

ஜிம்முக்குப் போக முன்னம் போன் எடுத்துக் கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம், மலசலகூடத்துக்குள் நாற்காலி போகுமா, கருவிகளுக்கு நடுவே திரும்ப ஐந்தடி இடம் இருக்கிறதா. உங்கள் நாற்காலியின் ஆக அகன்ற இடத்தை அளந்து எழுதி வையுங்கள். நான் போன ஒரு ஜிம் இரண்டாம் மாடியில் இருந்தது, “பெடியள் தூக்கி விடுவாங்கள் அண்ணை” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், ஏறவும் இறங்கவும் நாலு பேரை எதிர்பார்த்துப் போகிற இடத்துக்கு ஒருவரும் நெடுநாள் போகமாட்டார்கள். இன்னொரு இடத்தில் ஒரு படிதான், ஒரு பலகை போட முடியுமா என்று கேட்டேன், போட்டார்கள். சரிவுக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: அரை அடிப் படிக்கு ஆறடி நீளப் பலகை. பொதுக் கட்டடங்களுக்கு இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், நுழைவு வசதி பற்றிய 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் உள்ளவை. மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மாதாந்த உதவித்தொகை போன்றவற்றுக்குக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வைத்தியச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி கொண்டுபோனால் இன்னொரு நாள் அலைச்சல் மிஞ்சும். நாற்காலி தருகிறார்கள் என்றால் உங்கள் இடுப்பு அகலத்தை அளந்துதான் தருகிறார்களா என்று பாருங்கள். அளவில்லாத நாற்காலி தோளையும் முதுகையும் சேர்த்துக் கெடுக்கும்.

விளையாட்டாகவே செய்ய ஆசைப்படுகிற இளம் ஆட்கள் இருந்து எறிகிற குண்டு, தட்டு, ஈட்டி பழகலாம், நாற்காலியை நாலு முளை அடித்துக் கயிற்றால் கட்டிவிட்டால் தோட்டத்தில்கூடத் தொடங்கலாம். ரோக்கியோ பராலிம்பிக்கில் எங்கள் நாட்டுத் தினேஷ் பிரியந்த ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார், பாரிஸ் 2024இல் சமித துலானும் ஈட்டியில், வேறொரு பிரிவில், வெள்ளி எடுத்தார். அவர்கள் நின்று எறிகிறவர்கள், இருந்து எறிபவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். “இரு மோனை, நான் எடுத்துத் தாறன்” என்று அம்மா சொல்வது பாசம்தான், ஆனால் அந்தத் தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுப்பதும் எனக்குப் பயிற்சி. நான் அம்மாவோடு ஒரு ஒப்பந்தம் செய்தேன்: நான் கேட்டால் தர வேண்டும், கேட்காவிட்டால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முதல் மாதம் அவவுக்கு அது பெரிய வில்லங்கமாக இருந்தது. வெளியே செய்யக் கூச்சப்படும் பெண்கள் உள்ளறையில் இரண்டு பேராகச் சேர்ந்து செய்யலாம். சேலைத் தலைப்பையும் சால்வையையும் மட்டும் சக்கரத்துக்குள் போகாமல் செருகிக்கொள்ளுங்கள்.

என்னுடைய கிழமை இப்போது இப்படி: திங்கள், வியாழன் ரியூப். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு சக்கரம் தள்ளுவது, மழையென்றால் பாட்டுக்குக் கை வீசுவது. புதன், சனி தோளை நீட்டித் தளர்த்துவது மட்டும். செய்த நாளைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போடுகிறேன். சக்கரத்துக்கு வாரம் ஒருதரம் காற்றுப் பாருங்கள், காற்றுக் குறைந்த ரயரைத் தள்ளத் தோள் கூடப் பாடுபடும். பம்பை வாசல் கதவுக்குப் பின்னால், இருந்தபடி கை எட்டுகிற உயரத்தில் கொழுவிவிடுங்கள்.